அபின் கடையிலிருந்து மோட்டார்க் கொட்டகைக்கு

லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு வடக்கே மலைத்தொடரைத் தாண்டிச் சென்றால் மொஹாவி என்னும் பாலைநிலம் விரிகிறது. அதன் இடையிடையே, என்றோ நீர் நின்று வற்றிப்போய், அடியில் தங்கிய வண்டல் வெயிலில் காய்ந்து இறுகி, மேடு பள்ளமின்றி மைல் கணக்கில் கிடக்கும் ஏரிப் படுகைகள் பல உண்டு. அவற்றுள் பிரசித்தமானது மியூராக். 1910-ஆம் ஆண்டையொட்டி அங்கே குடியேறிய கோரம் என்ற குடும்பத்தார், தங்கள் பெயரையே அவ்விடத்துக்குச் சூட்ட விரும்பியபோது, ஏறக்குறைய அதே பெயருடைய அஞ்சல் நிலையம் ஒன்று கலிபோர்னியாவில் முன்பே இருப்பது தடையாக வந்து நிற்கவே, அப்பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி எழுதி மியூராக் என்று ஆக்கிக்கொண்டார்கள். இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்; சாமானியர் உள்ளே போக முடியாது. ஆனால் 1930-களில் விடுமுறை நாட்களின் விடியற்காலையில் அங்கே கூடியவர்கள், பழைய ஃபோர்டு வண்டிகளின் சக்கர மூடிகளையும் முன் கண்ணாடியையும் விளக்குகளையும் கழற்றி எறிந்துவிட்டு, எவன் வண்டி அதிக வேகம் போகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்த இளைஞர்களே. 1937-இல் அவர்களுடைய குழுக்கள் பல ஒன்றுகூடித் தென் கலிபோர்னியக் கால அளவைச் சங்கம் என்ற ஒரு சபையையும் அமைத்துக்கொண்டன.

மோட்டார் வண்டி மோகம் கொண்டவர்கள் உலகமெங்கும் இன்று பேசுகிற பரிபாஷையில் ஒரு பெரும் பகுதி, அந்தப் படுகைகளிலும் அவற்றுக்குப் போகும் வண்டிகளைத் தயார்செய்த கொட்டகைகளிலும் உருவானது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப் பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறி என்று நம்முடைய உரையாசிரியர்கள் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? இதுவும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆயினும் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. மோட்டார் யந்திரம் முற்றிலும் புதிய பொருளாயிருந்தும், அதைக் கொஞ்சிக் குலாவியவர்கள் அதற்கென்று புதிய சொற்களைப் படைக்கவில்லை. குதிரைப் பந்தயத்திலிருந்தும், அபின் கடையிலிருந்தும், சூதாட்ட மேஜையிலிருந்தும், தையற்காரனிடமிருந்தும் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்து யந்திரத்துக்கு மாட்டிவிட்டார்கள்.

முதலில் 'ஹாட் ராட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வேகத்துக்காகத் திருத்தி அமைக்கப்பட்ட பழைய வண்டிக்கு இதுவே இன்று பொதுப்பெயர். இது இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் ஏரிப் படுகைகளுக்குப் போனவர்கள் தங்கள் வண்டிகளை வேறு பெயர்களால் அழைத்து வந்தார்கள். ஹாட் என்பதற்குச் சூடு என்று பொருள். ராட் என்பது என்ன? மேற்கூரை நிலையாக இல்லாத இருவர் வண்டிக்கு ரோட்ஸ்டர் என்று பெயர்; படுகைகளில் ஓடியவற்றுள் மிகப் பல அந்த வகையே; ஆகையால் ஹாட் ரோட்ஸ்டர் என்பதே நாவின் சோம்பலால் ஹாட் ராட் என்று மருவிற்று என்பது ஒரு சாரார் கூற்று. யந்திரத்துக்குள் உந்துருளையையும் சுழல் தண்டையும் இணைக்கும் கம்பிக்கு ராட் என்று பெயர் உண்டு, அதுவே முழு வண்டிக்கும் ஆயிற்று என்பது மற்றொரு சாரார் கூற்று. நம் இலக்கணப்படி சொன்னால், முதல் கட்சி மரூஉ என்கிறது. இரண்டாம் கட்சி சினையாகுபெயர் என்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதை நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு மரூஉக் கட்சியின் பக்கமே மனம் சாய்கிறது.

சொல் பிறந்தபோது அதற்கு நல்ல பெயர் இல்லை. நகரத் தெருக்களில் இரவு நேரத்தில் பந்தயம் விட்டு விபத்துக்குள்ளாகும் இளைஞர்களைத் தூற்றுவதற்குப் பத்திரிகைகள் அதைக் கையாண்டன. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் என்ற இளைஞர் அந்த வசைச் சொல்லையே தலைப்பாக வைத்து 25 செண்டு விலையில் ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். ஏரிப் படுகைச் சபையில் ஊறி வளர்ந்த வாலி பார்க்ஸ் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தையும் நிறுவி, தெருவில் ஓடியவர்களை விதிமுறைக்கு உட்பட்ட ஓடுதளத்துக்கு அழைத்து வந்தார். ஏச்சாக இருந்த சொல் இரண்டே மூன்று ஆண்டுகளில் சங்கத்தின் முத்திரையில் ஏறிவிட்டது.

'ஹாட் ராட்' வழக்குக்கு வருமுன் வழங்கிய சொல் 'கவ் ஜாப்' என்பது. இன்று அது மறைந்துபோயிற்று. ஆனால் அதன் பூர்வோத்தரத்தைத் துருவிப் பார்த்தால் இந்தப் பரிபாஷையின் மர்மமே வெளிப்படுகிறது. 1849-இல் தங்கம் தேடியும், பின்னர் இருப்புப்பாதை போடவும் கலிபோர்னியாவுக்கு வந்த சீனர்களோடு அபின் புகைக்கும் வழக்கமும் வந்தது. வெகு சீக்கிரத்தில் வெள்ளையரும் அந்தக் குகைகளில் நுழையவே, 1875-இல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரசபை அபின் கடைகளைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. புகைப்பதற்காகப் பதப்படுத்திய அபினைச் சீனர்கள் மருந்துப் பசை என்ற பொருளில் அழைத்த பெயரின் பின்பாதியே 'கவ்' என்று அமெரிக்கக் கொச்சையில் இடம்பெற்றது. மயக்கத்தில் இருப்பவன் 'கவ்' ஏற்றியவன். மருந்து கொடுத்து வெறியூட்டப்பட்ட பந்தயக் குதிரையும் 'கவ்' ஏற்றியதே. பிறகு யந்திரத்தின் சக்தியைத் திருட்டுத்தனமாகக் கூட்டிய வண்டியும் அப்பெயருக்கு உரியதாயிற்று.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாமென்று பார்த்தால், கூடவே இன்னும் இரண்டு சொற்கள் சாட்சிக்கு வந்து நிற்கின்றன. வண்டியின் வேகத்தைக் கூட்டுவதை 'ஹாப்-அப்' செய்வது என்பார்கள். இந்த 'ஹாப்' என்பதும் அபினே. கான்டன் நகரத்துச் சீனர் வாயில் வழங்கிய அபின் என்னும் பெயரைக் காதில் வாங்கிய அமெரிக்கர், தங்களுக்குப் பழக்கமான ஒரு கொடியின் பெயராக அதைத் திரித்துக்கொண்டார்கள் என்று சொல்லாராய்ச்சிக்காரர் கூறுகின்றனர். கிரேக்கர் கசகசாச் செடியின் பாலுக்கு இட்ட பெயர்தான், ஒரு கிளையாக அரபிக்குள் புகுந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் 'அபின்' என்று வந்தது; மற்றொரு கிளையாகச் சீனக் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு கலிபோர்னியாவில் 'ஹாப்' என்று கரையேறியது. ஆகவே மோட்டார் மோகிகள் கூறும் ஹாப்பும் நம் கிராமத்து வைத்தியர் பெட்டியில் இருந்த அபினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

மூன்றாவது 'சூப்-அப்'. இது இன்று வேகவண்டிகளைப் பற்றி ஒன்றும் அறியாதவர் வாயிலும் புழங்குகிறது. விமான யந்திரங்களில் காற்றை அழுத்திச் செலுத்தும் 'சூப்பர்சார்ஜர்' என்ற கருவியின் பெயர் சுருங்கி இப்படி ஆயிற்று என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஓசை ஒற்றுமை சொல்லுக்கு உரம் ஊட்டியிருக்கலாம். ஆனால் 1911-ஆம் ஆண்டளவிலேயே, ஓட்டத்தையோ சுபாவத்தையோ மாற்றுவதற்காகக் குதிரைக்கு ஊசிவழி ஏற்றும் மருந்துக்குப் பந்தய மைதானத்தில் 'சூப்' என்றே பெயர். போதைமருந்துக்கு ஆங்கிலத்தில் இன்று பொதுப்பெயராகிவிட்ட 'டோப்' என்பதும், டச்சுக்காரர் சமையலறையில் ரொட்டியைத் தொட்டுக்கொள்ளும் கெட்டிக் குழம்பின் பெயராயிருந்து, அபின் பசைக்காகி, குதிரை மருந்துக்கு ஆகியதே. பந்தயம் என்றாலே குறுக்கு வழியும் கூடவே நினைவுக்கு வந்த காலத்தில், குதிரை செய்த வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டபோது, குதிரைக்குச் செய்த மோசடியின் பெயர்களையும் அது சுவீகரித்துக்கொண்டது. நம் ஊர்ப் பட்டறையில் 'சூப்-அப்' செய்து தருவதாகப் பலகை எழுதி வைத்திருப்பவருக்கு இதைச் சொன்னால் நிச்சயம் கோபம் வரும்.

அபினிலிருந்து சூதுக்கு வருவோம். 1932 மார்ச் மாத இறுதியில் ஹென்றி ஃபோர்டு ஒரு காரியம் செய்தார். எட்டு உருளைகளை நான்கு நான்காகச் சாய்த்து அமைக்கும் வி-8 யந்திரம் அதுவரையில் பெரும்பாலும் செல்வர் வண்டிகளுக்கே உரியதாயிருந்தது. பல துண்டுகளாக வார்த்துப் பிறகு ஒன்றாக முடுக்க வேண்டியிருந்ததால் அதன் விலை அப்படி. ஃபோர்டின் ஆட்கள், எத்தனையோ வார்ப்புகள் பழுதாகி உலைக்கே திரும்பிய பிறகு, இரு வரிசை உருளைகளையும் அடிக்கூட்டையும் ஒரே வார்ப்பில் இறக்கிக் காட்டினார்கள். 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத் திறனும் உடைய அந்த யந்திரத்தோடு ரோட்ஸ்டர் வண்டி 460 டாலருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் வண்டிக்கு மோகிகள் இட்ட பெயர் 'டியூஸ்'. பழைய பிரெஞ்சு மொழியில் இரண்டு என்ற எண்ணின் பெயராயிருந்து, ஆங்கிலேயரின் பகடையிலும் சீட்டிலும் இரண்டுக்கு ஆகிவந்த சொல் அது. ஆண்டின் கடைசி இலக்கமாகிய இரண்டு முழு வண்டியையும் குறித்தது. நன்னூலைப் புரட்டாமலே எண்ணலளவை ஆகுபெயருக்கு இவ்வளவு சுத்தமான உதாரணத்தை அந்தப் பையன்கள் கொடுத்துவிட்டார்கள். 1963-இல் பீச் பாய்ஸ் என்ற பாடகர் குழு அந்த வண்டியின் பேரால் பாட்டு ஒன்று பாடி வெளியிட்ட பின், பாலைவனக் குழூஉக்குறி ஊரறிந்த சொல்லாயிற்று.

அந்த யந்திரத்துக்கே தனியாக 'பிளாட்ஹெட்', அதாவது தட்டைத்தலை, என்று ஒரு பெயர். பிற்கால யந்திரங்களில் காற்றையும் புகையையும் உள்ளும் வெளியும் விடுகிற வால்வுகள் உருளைக்கு மேலே, தலைப்பகுதியில் இருக்கும். ஃபோர்டின் யந்திரத்திலோ அவை உருளைகளுக்குப் பக்கத்தில், உடற்பகுதியிலேயே அடங்கிக் கிடந்தன. ஆகையால் தலை என்பது போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட ஓர் இரும்பு மூடி மட்டுமே. அதைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சற்றே சீவிவிட்டு மறுபடி மூடினால் உள்ளே வாயு அழுந்தும் அளவு கூடும், திறனும் கூடும். பெரிய சாதனங்கள் ஏதும் இல்லாத கொட்டகைப் பையன் செய்யக்கூடிய வேலை அது. மலிவு, எளிமை, பழைய இரும்புக் கடைகளில் எங்கும் கிடைக்கும் தன்மை ஆகிய இவை மூன்றும் சேர்ந்துதான் தட்டைத்தலையை ஏரிப் படுகைகளின் ராஜாவாக்கின. அமெரிக்க ஃபோர்டு வண்டிகளில் அது 1953 வரையில் நிலைத்திருந்தது.

இதற்குப் போட்டியான செவர்லே வண்டிக்காரர்கள் கேலிக்குத் தப்பவில்லை. 1929-இல் வந்த அவர்களுடைய ஆறு உருளை யந்திரத்தில் இருந்த போல்ட்டுகள், வீட்டு அடுப்பில் முடுக்கும் மட்டமான திருகுகளை ஒத்திருந்தன என்று, யந்திரத்துக்கே 'ஸ்டவ்போல்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1955-இல் அந்தக் கம்பெனி சிறிய வி-8 ஒன்றைக் கொண்டுவந்தபோது, உருவத்தில் சிறியதாயினும் பெரியவற்றை அடித்துப் போட்டது என்பதால், மைட்டி மௌஸ் என்ற சித்திரக்கதைச் சுண்டெலியின் ஞாபகமாக அது 'மௌஸ்' ஆயிற்று. பின்னால் வந்த பெரிய யந்திரம், எலியைவிடப் பெரியது என்ற கணக்கில், 'ராட்' என்னும் பெருச்சாளியாயிற்று. கிரைஸ்லர் கம்பெனியின் அரைக்கோள அறை கொண்ட 426 கன அங்குல யந்திரம் 'ஹெமி' என்ற சுருக்கப்பெயரோடு 1964-இல் டேட்டோனா பந்தயத்தில் இறங்கி, ரிச்சர்ட் பெட்டியின் கையில் வெற்றி பெற்றது. அதன் பருமனையும் எடையையும் பார்த்தவர்கள் யானை என்றார்கள். விநாயகருக்கு வேண்டியதெல்லாம் அங்கே சேர்ந்துவிட்டது!

போர் முடிந்து திரும்பியவர்கள் போர்க்களத்துப் பொருள்களையும் கொண்டுவந்தார்கள். பில் பர்க் என்பவர் பசிபிக் போர்முனையில் விமானங்களின் வயிற்றில் மாட்டும் உபரி எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்தார். நீர்த்துளி வடிவத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி அமைந்த அத்தொட்டி ஒன்றை, 1946-இல் ஊர் திரும்பியதும் பழைய பொருளாக வாங்கி, அதில் யந்திரத்தைப் பொருத்தி வறண்ட ஏரியில் ஓட்டினார். 'பெல்லி டாங்க்' என்ற பெயருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வயிற்றுத் தொட்டி, அவ்வளவுதான்.

வேகம் விரும்பியவர்கள் ஒரு பக்கமிருக்க, அழகு விரும்பிய கூட்டமொன்று தனியாகக் கிளைத்தது. 'சாப்' என்றால் வெட்டு. கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, கூரையை இறக்கி மறுபடி பற்றவைப்பது. இதற்காகக் கண்ணாடிகளையும் அளவுக்கு அறுக்க வேண்டும், தூண்களின் சாய்வு மேலும் கீழும் பொருந்தாமையால் கூரையையே நடுவில் பிளந்து நீட்டவும் நேரிடும். காற்றின் தடையைக் குறைக்க ஏரிப் படுகையில் செய்த உபாயம், பின்னர் ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் அலங்காரமாயிற்று. முன்விளக்குகளை உடம்புக்குள் அமிழ்த்திச் சுற்றிலும் விளிம்பு கட்டுவதை 'ஃபிரெஞ்ச்' செய்வது என்பார்கள். மடித்துத் தைத்த பிரெஞ்சுச் சட்டைக் கைவிளிம்பைப் பார்த்து வைத்த பெயர் இது. பிளாஸ்டிக் பூச்சு வராத அந்நாளில், வெட்டி ஒட்டிய தழும்புகளையெல்லாம் ஈயத்தை உருக்கி நிரப்பி, அரத்தால் ராவிச் சமன் செய்ய வேண்டும். அப்படி ஈயம் சுமந்து, தரையோடு தரையாகத் தாழ்ந்து போகும் வண்டியை 'லெட் ஸ்லெட்', ஈயச் சறுக்குவண்டி, என்று பரிகசித்தார்கள். இந்தக் கலையின் சிகரமாகக் கருதப்படுவது, ஸாம் பாரிஸும் ஜார்ஜ் பாரிஸும் தங்கள் கடையில் பாப் ஹிரொஹாட்டா என்பவருக்காகத் திருத்தி அமைத்த 1951-ஆம் ஆண்டு மெர்க்குரி வண்டி. பாரிஸ் சகோதரர்கள் தங்கள் தொழிலின் பெயரையே 'சி' எழுத்துக்குப் பதில் 'கே' எழுத்தைப் போட்டு எழுதினார்கள். எழுத்துப் பிழையையும் விளம்பரமாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது.

நேர்ப்பாதையில் கால் மைல் ஓடும் 'டிராக்' பந்தயத்தின் பெயரில் குதிரையின் குளம்போசை இன்னும் கேட்கிறது. நான்கு குதிரை பூட்டி இழுக்கப்படும் கனத்த கோச்சு வண்டிக்கு ஆங்கிலத்தில் டிராக் என்று பெயர். அத்தகைய வண்டிகள் போகும் பெருந்தெருவும் அப்பெயர் பெற்றது. அந்தத் தெருவில் இரண்டு பேர் விட்ட பந்தயமும் பெற்றது என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. 1950 ஜூன் மாதத்தில் ஸான்டா ஆனா விமான நிலைய ஓடுபாதையில் இப்பந்தயம் கட்டணம் வைத்து நடைபெறத் தொடங்கிற்று. 1954-இல் மிக்கி தாம்ஸன் என்ற வீரர் பின்சக்கரங்களுக்கும் பின்னால் ஓட்டுநர் இருக்கையைத் தள்ளி வைத்து ஒரு வண்டி அமைத்தார். கவண் வாரில் வைத்த கல் மாதிரி அவர் உட்கார்ந்திருந்ததால் அது 'ஸ்லிங்ஷாட்' ஆயிற்று. 1965-இல் சக்கரங்களை இடம் பெயர்த்து முன்தள்ளிய டாட்ஜ், பிளிமத் வண்டிகளைக் கண்டவர்கள் பார்க்கவே வேடிக்கையாயிருக்கிறதே என்று சொன்ன வார்த்தைதான் 'ஃபன்னி கார்' என்ற போட்டி வகைக்கே பெயராயிற்று.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி வம்சாவளி அகப்படுவதில்லை. ஓட்டை வண்டிக்கு அமெரிக்கர் வழங்கும் 'ஜலாப்பி' 1920-களில் தோன்றியது. மெக்ஸிகோவிலுள்ள ஜலாபா என்ற ஊருக்குப் பழைய வண்டிகளைக் கப்பலேற்றினார்கள், அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கதை இனிக்கிறது, ஆதாரம்தான் இல்லை. அகராதிகள் இன்றைக்கும் பிறப்பிடம் அறியப்படாதது என்றே எழுதி வைத்திருக்கின்றன.

நம்மவர்கள் இந்த விஷயத்தில் பிறத்தியாரைப் பார்த்துச் சிரிக்க நியாயமில்லை. காரின் பின்புறப் பெட்டியை நாம் 'டிக்கி' என்கிறோம். கோச்சு வண்டியின் பின்னால் வேலைக்காரன் உட்காரும் இடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. பிறகு இருவர் மோட்டாரின் வாலில், மூடியைத் தூக்கினால் விரியும் திறந்தவெளி ஆசனத்துக்கு அது ஆயிற்று. அதே ஆசனத்தை அமெரிக்கர்கள் மாமியார் ஸீட்டு என்று கேலி செய்தார்கள். மழையும் புழுதியும் முழுவதும் அங்கே உட்கார்ந்தவர் தலையில்தான் விழும். ஆசனம் மறைந்தது, மூடி மட்டும் எஞ்சியது, சாமான் வைக்கும் அந்த அறைக்கு நம் நாட்டில் பழைய பெயரே நின்றுவிட்டது. தென்பாண்டிக் கிராமங்களில் காரைப் 'பிளஷர்' என்று சொல்லிய பெரியவர்களை இன்றும் பலருக்கு ஞாபகமிருக்கும். இன்பப் பயண வண்டி என்பது பொருள். தமிழறிஞர் வைத்த 'மகிழுந்து' என்பதும் அதே பொருளையே தருகிறது.

இவற்றுள் மிகப் பெரிய பிரயாணம் செய்தது 'ஸ்டெப்னி'. ஆரம்ப காலத்து மோட்டார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. ஆணி குத்தினால் நடுவழியில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்டவேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்ற ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரமில்லாத வட்டத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பழுதான சக்கரத்தின்மீதே கவ்விகளால் இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரும்படியான சாதனத்தைச் செய்தார்கள். அவர்களுடைய கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. பிரிட்டனில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலும் மால்டாவிலும், சற்றே உருமாறிப் பிரேஸில் நாட்டிலும், உபரிச் சக்கரத்துக்கு இன்றளவும் அதுவே பெயர்.

நம் பட்டறைகளில் இப்படி எத்தனையோ சொற்கள் எழுத்தில் ஏறாமல் புழங்குகின்றன. பழைய பஸ் கம்பெனிகளிலும் லாரிக் கொட்டகைகளிலும் வேலை பார்த்த முதியவர்களைத் தெரிந்த வாசகர்கள், அவர்கள் வாயிலிருந்து கேட்டவற்றை, கேட்ட ஊரையும் அவை வழங்கிய ஆண்டையும் ஏறத்தாழவேனும் சேர்த்து, இப்போதே எழுதி வைத்தால், ஜலாப்பிக்காக அமெரிக்க அகராதிக்காரர்கள் படும் பாட்டை நாளைத் தமிழ் அகராதிக்காரர்கள் பட வேண்டியிராது.